தக்கன பிழைத்தல்: எதற்குத் தக்கன?

இந்த மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்க அன்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல் ஏதாவது சமணக் கல்வெட்டைப் பற்றி எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் சார்லஸ் டார்வின். நான் விலங்கியல் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, 1976இல் தாய்மாமன் கடைக்கு வேலைக்கு என்று செம்பூர் வந்தவன். மல்லாட்டை, எண்ணெய், புண்ணாக்கு ஆகிய மூன்றோடும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. படிப்பெல்லாம் கடை சாத்திய பிறகு படித்ததுதான். பிழை இருந்தால் அறிந்தவர்கள் பொறுத்துத் திருத்த வேண்டுகிறேன்.

டார்வினிடம் நான் போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் கணவர் ஊரில் சின்னதாக ஒரு எண்ணெய் ஆலை நடத்திவந்தார். சுற்றுவட்ட மல்லாட்டையை வாங்கி ஆட்டி, டின்னில் அடைத்து விற்பார். 1994இல் பாமாயில் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் வரியும் குறைந்தது. கடலை எண்ணெயில் பாதி விலைக்குப் பாமாயில் கிடைத்தால் ஏழை வீட்டில் எதை வாங்குவார்கள்? 1996இல் ஆலையை மூடிவிட்டார். என்னிடம் யோசனை கேட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தார். நான் அப்போது நாலு ஆங்கிலப் புத்தகம் புரட்டிய மிதப்பில் இருந்தேன். “வலுத்தது நிற்கும், இளைத்தது போகும், இது டார்வின் கண்ட விதி, மாமா” என்று பதில் போட்டேன். அதற்கு அவர் பதில் எழுதவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏம்பா, நீ எழுதியிருந்தியே டார்வின்னு, அவர் யாரு? அவரும் மல்லாட்டை வியாபாரியா?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அதுவரை டார்வினின் நூலில் ஒரு பக்கம்கூட நான் படித்திருக்கவில்லை. மும்பை திரும்பியதும் ஃபவுண்டன் நடைபாதைக் கடையில் பழைய பிரதி ஒன்று வாங்கினேன். படித்து முடிக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று.

படித்தபின் தெரிந்தது: நான் எழுதிய விதி அதில் இல்லை.

மால்தூஸ் தந்த பொறி

‘வாழ்க்கைப் போராட்டம்’ என்ற கருத்து டார்வினுக்கு முன்பே வழக்கில் இருந்தது. தாமஸ் மால்தூஸ் என்ற பாதிரியார் 1798இல் மக்கள்தொகை பற்றி ஒரு நூல் எழுதினார். மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது. பஞ்சமும் நோயும் அந்த இடைவெளியை நிரப்பும் என்பது அதன் சாரம். நம் நாட்டோடு இவருக்குள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தில் ஒரு கல்லூரி நடத்தியது. பின்னாளில் ஹெய்லிபரி என்ற ஊரில் இருந்த அக்கல்லூரியில் 1805 முதல் 1834இல் இறக்கும்வரை பொருளாதாரம் கற்பித்தவர் இந்த மால்தூஸ்தான். நம் ஜில்லாக்களை ஆண்ட கலெக்டர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

டார்வின் 1838இல் மால்தூஸைப் படித்தார். ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் 1858இல் இந்தோனேசியத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது, முன்பு படித்த அதே மால்தூஸை நினைத்துப் பார்த்து, டார்வினைப் போன்ற முடிவுக்கு வந்தார். இருவர் கட்டுரைகளும் 1858 ஜூலை 1 அன்று லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு நவம்பரில் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித் இந்தியப் பறவை, விலங்குகள் பற்றி டார்வினுக்கு நிறையக் கடிதங்கள் எழுதி உதவினார் என்பதும் நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

‘வாழ்க்கைப் போராட்டம்’ என்றதும் இரண்டு நாய் ஒரு எலும்புக்குச் சண்டை போடுவதுதான் நம் கண்முன் வருகிறது. டார்வின் இச்சொல்லை விரிந்த பொருளில், உருவகமாகவே ஆள்வதாகத் தம் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் சொல்லிவிடுகிறார். பாலைவன ஓரத்தில் நிற்கும் செடி வறட்சியோடு போராடுகிறது என்றால், அது ஈரத்தை நம்பி வாழ்கிறது என்றே பொருள். புல்லுருவி தான் ஒட்டிய மரத்தை நம்பியிருக்கிறது. தன் விதையைப் பரப்பப் பறவையையும் நம்பியிருக்கிறது. ஓர் உயிர் இன்னோர் உயிரைச் சார்ந்திருப்பதும், சந்ததி விட்டுச் செல்வதும் அவர் கணக்கில் போராட்டம்தான். அடிதடியில் ஜெயிப்பது அதில் ஒரு சிறு பகுதி.

நம் பாடநூல்களில் வரும் ‘தக்கன பிழைத்தல்’ என்ற தொடரின் மூலம் டார்வினுடையது அன்று. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் ஆக்கியது. டார்வின் 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அதைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் இதைத் தமிழாக்கியவர் யாராயினும் அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ‘வலியன பிழைத்தல்’ என்று எழுதாமல் ‘தக்கன’ என்று எழுதினார். தமிழில் ‘தக்க’ என்று மொட்டையாகச் சொன்னால் பொருள் நிறையாது. எதற்குத் தக்க? இடத்துக்குத் தக்க, காலத்துக்குத் தக்க என்று ஒரு நான்காம் வேற்றுமை முன்னால் வந்தாக வேண்டும். அந்த நான்காம் வேற்றுமைதான் சூழல். நான் மாமாவுக்கு எழுதிய கடிதத்தில் விட்டுப்போனதும் அதுவே.

கழிக்கரையில் ஒரு பாடம்

சூழல் என்ன செய்கிறது என்பதில் அறிஞரிடையே இரண்டு கருத்து இருந்தது. பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1809இல் சொன்னது: சூழல் மாறினால் உயிரின் தேவை மாறும், பழக்கம் மாறும், பழக்கத்தால் உறுப்பு மாறும், அந்த மாற்றம் பிள்ளைகளுக்கும் போகும். டார்வின் இதை முழுக்கத் தள்ளிவிடவில்லை. ஆனால் முதன்மையான காரணம் வேறு என்றார். பிறக்கும்போதே ஒவ்வோர் உயிரும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டுப் பிறக்கிறது. சூழல் அவற்றைச் சலிக்கிறது. கடைக்காரன் பாஷையில் சொன்னால், சூழல் சரக்கைச் செய்வதில்லை. சல்லடையாக நின்று எது தங்கும் என்று காட்டுகிறது.

டிராம்பேயில் என் வீட்டு மாடியில் நின்றால் ஒரு பக்கம் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கி, இன்னொரு பக்கம் அணுசக்தி நிலையத்தின் வெள்ளைக் கூண்டு, நடுவில் சதுப்பும் கண்டல் மரங்களும் தெரியும். மராட்டியர் திவர் என்று சொல்லும் வெண்கண்டல்தான் இங்கே மிகுதி. நம் பிச்சாவரத்திலும் இது உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த தில்லை மரமும் இதே கண்டல் காட்டைச் சேர்ந்ததுதான். நாளுக்கு இருமுறை உப்புநீர் ஏறி இறங்கும் காற்றில்லாச் சேற்றில் சாதாரண மரத்தின் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். வெண்கண்டலோ சேற்றுக்கு மேலே பென்சில் நட்டதுபோல் மூச்சு வேர்களை நீட்டுகிறது. மிகுந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். விதை மரத்தில் இருக்கும்போதே கனிக்குள் முளைவிட்டுத் தயாராகிவிடும். உப்புநீர் விதையை என்ன செய்யும் என்று டார்வினே வீட்டில் சோதித்துப் பார்த்தார். 87 வகை விதைகளை உப்புநீரில் ஊறப்போட்டார். 28 நாள் கழித்தும் 64 வகைகள் முளைத்தன.

இந்தக் கண்டல் வலுத்த மரமா, இளைத்த மரமா? நல்ல தண்ணீர் பாயும் தோட்டத்தில் மாவோடும் புளியோடும் போட்டி போட்டு அது நிற்காது. மாவும் புளியும் இங்கே ஒரு வாரம் நிற்காது. ஆகவே இடத்தைச் சொல்லாமல் எதையும் வலுத்தது என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் இங்கே பார்க்கிறோம். 1990களிலிருந்து இந்தக் கழிக்குப் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. 2015இல் தானே கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சந்தோஷமான செய்திதான். ஆனால் பூநாரை ஏன் வந்தது? நகரத்தின் கழிவுநீர் கழியில் கலந்து நீலப்பச்சைப் பாசி பெருகியது. சிறு பூநாரைக்கு அந்தப் பாசியே உணவு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே கழியில் தலைமுறை தலைமுறையாய் வலை வீசிய கோலி மீனவரைக் கேட்டால், அந்தக் காலத்து மீனில்லை என்கிறார்கள். பூநாரை புதிதாய் வலிமை பெறவும் இல்லை, மீன் புதிதாய் இளைக்கவும் இல்லை. மாறியது தண்ணீர். மாற்றியது நாம்.

திண்டிவனமும் டிராம்பேயும்

என் தொழிலுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் சொல்லும் வேர்க்கடலை தென்னமெரிக்காவில் பிறந்தது. அங்கே இரண்டு காட்டுச் செடிகள் கலந்து உண்டானது என்று இன்றைய மரபணு ஆய்வு உறுதி செய்கிறது. பூ மேலே பூக்கும். பூவடியிலிருந்து ஊசி இறங்கி மண்ணுக்குள் காய் வைக்கும். விதையைத் தாய்ச்செடி தன் காலடியிலேயே புதைத்துக்கொள்வதால் தானாக வெகுதூரம் பரவ வழியில்லை. மனிதன் கப்பலில் ஏற்றியதால்தான் தென்னார்க்காட்டுச் செம்மண்ணுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு நாட்டு எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று.

மண்டியில் நிற்பவனுக்கு டார்வினை விளக்க இந்தக் கடலையே போதும். கொடிக்கடலை, கொத்துக்கடலை என்று இரண்டு உண்டு. கொடிக்கடலை விளைய நாளாகும். ஆனால் அதன் விதைக்கு உறக்கம் உண்டு. முற்றிய பிறகு மழை பெய்தாலும் உடனே முளைக்காது. கொத்துக்கடலை சீக்கிரம் விளையும். உறக்கம் கிடையாது, அறுவடை சமயம் மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டு மொத்தமும் பாழ். எது நல்ல ரகம் என்று என்னிடம் கேட்பார்கள். மழை சீக்கிரம் நின்ற வருஷம் கொத்துதான் நல்ல ரகம். கடைசியில் மழை பெய்த வருஷம் கொடிதான் நல்ல ரகம். விதை ஒன்றே, வானம் வேறு.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர். டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940இல் வெளியானது. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து பொறுக்கி எடுத்தது. இங்கே டிராம்பேயில் 1954இல் அணுசக்தி நிலையம் தொடங்கப்பட்டது. பாபா மறைந்தபின் 1967இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அங்குள்ள விஞ்ஞானிகள் ஸ்பானிஷ் இம்ப்ரூவ்டு என்ற கடலை விதைமீது எக்ஸ்கதிரைப் பாய்ச்சினார்கள். கதிர்வீச்சு, இயற்கையில் மெதுவாக நடக்கும் மரபணு மாற்றத்தை வேகப்படுத்தும். அப்படி வரும் மாற்றங்களில் பெரும்பாலானவை பயனற்றவை, பல கெடுதலானவை. அவற்றிலிருந்து பொறுக்கிய பெரும்பருப்பு ரகம் டி.ஜி. 1 என்று 1973இல் வெளியானது. டி.ஜி. என்றால் டிராம்பே கிரவுண்ட்நட். பிறகு அகோலாவோடு சேர்ந்து டி.ஏ.ஜி. 24 ரகம் 1991இலும், டி.ஜி. 37ஏ 2004இலும் வந்தன. நான் பிறந்த ஊர்ப்பக்கமும் பிழைக்க வந்த ஊரும் ஒரே மண்டியில் இரண்டு சாக்குகளின்மேல் எழுதியிருக்கக் கண்டால் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இதில் கவனிக்க வேண்டியது இது. கதிர், ‘இந்த விதை வறட்சி தாங்கட்டும்’ என்று கணக்குப் பார்த்துப் பாய்வதில்லை. மாற்றம் குருட்டாம்போக்கில் வருகிறது. தேர்வு மட்டும் குருடல்ல. ஆய்வகத்தில் மனிதக் கை தேர்கிறது. வயலில் மண்ணும் மழையும் கம்பளிப்புழுவும் தேர்கின்றன.

நீலகிரி காட்டிய உண்மை

மனிதருக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தும். மலேரியா உள்ள நாடுகளில் சில இரத்தக் குறைபாடுகள் மறையாமல் நீடிக்கக் காரணம், அவை மலேரியாவிலிருந்து காப்பு அளிப்பதாக இருக்கலாம் என்று ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் ஊகித்தார். இவர் பின்னர் 1957இல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானவர். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் மரபணு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். 1954இல் ஆலிசன் என்பவர் ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து, இந்த மரபணு தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒன்று மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து காப்பு கிடைக்கிறது என்று காட்டினார். இருவரிடமிருந்தும் வந்தால் அதுவே கொடிய நோய். கொசு உள்ள காட்டில் இந்த மரபணு காவல். கொசுவில்லாத ஊரில் வெறும் சுமை. 2023இல் மத்திய அரசு அரிவாள் செல் நோயை ஒழிக்கத் தேசிய இயக்கம் தொடங்கியது. அந்த மக்களைப் ‘பலவீனமான இரத்தம்’ என்று சொல்பவர், அவர்களின் முன்னோர் எந்தச் சூழலில் உயிர்தப்பினர் என்பதை அறியாதவர்.

தாது வருஷம்

இனிச் சொல்வது கசப்பான வரலாறு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சோற்றை வீணாக்கினால் “தாது வருஷம் தெரியுமா?” என்பார்கள். 1876இல் பருவமழை பொய்த்து, 1878 வரை நீடித்த பஞ்சம் அது. தென்னிந்தியாவிலும் பம்பாய் ராஜதானியிலும் இறந்தவர் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என மதிப்பிடுகிறார்கள். அப்போதைய வைஸ்ராய் லிட்டன், இந்திய மக்கள்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும் இயல்புடையது என்று மால்தூஸ் பாடத்தையே சட்டசபையில் ஒப்பித்தார். சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் சென்னைக்கு அனுப்பினார். டெம்பிள் ஹெய்லிபரிக் கல்லூரியில் படித்தவர். பின்னர் நம் பம்பாய்க்குக் கவர்னராக வந்தவர். நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இதில் உடலுழைப்பு செய்பவன் உயிர்வாழ முடியாது என்று எழுதிப் போராடினார். சில மாதம் கழித்துத்தான் அளவு கூட்டப்பட்டது.

டெம்பிள் டார்வினைப் படித்துவிட்டு இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. செலவைக் குறைப்பது அவருக்கு இட்ட வேலை. ஆனால் ‘இது இயற்கையின் கணக்கு’ என்ற எண்ணம் பலர் மனச்சாட்சியைத் தூங்க வைத்தது. மழை பொய்த்தது இயற்கை. தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது இயற்கை அன்று. விலை ஏறட்டும் என்று மூட்டையை அடுக்கிவைத்தவர்களில் எங்கள் வியாபாரி வர்க்கமும் உண்டு. அதையும் எழுதாமல் விட்டால் நான் எழுதுவது வரலாறு ஆகாது. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் தகுதியற்றவர்கள் அல்லர். அவர்களைச் சுற்றியிருந்த சூழலைச் சிலர் உட்கார்ந்து தீர்மானித்தார்கள்.

நாம் பிழைத்த விதம்

ரஷ்யாவின் கிரோபோட்கின் 1902இல் ‘பரஸ்பர உதவி’ பற்றி ஒரு நூல் எழுதினார். சைபீரியக் குளிரில் அவர் கண்டது, விலங்குகள் ஒன்றோடொன்று சண்டையிடுவதைவிட ஒன்றுகூடிக் குளிரை எதிர்ப்பதுதான் அதிகம் என்பது. இங்கே நாமும் கண்டோம். 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், ஜனதா காலனி மக்கள் அங்கிருந்து அகற்றப்பட்டு, டிராம்பேயின் சதுப்பு நிலத்தில் சீட்டா கேம்ப் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் நம் தமிழர் நிறையப் பேர். நான் ஊருக்குப் புதிதாய் வந்த ஆண்டு அது. சேற்றில் பலகை போட்டு நடந்தார்கள். கல்லும் மண்ணும் கொட்டித் தெருவை அவர்களே உயர்த்தினார்கள். சீட்டுக் கட்டினார்கள், ஒருவர் வீட்டுக் கூரையைப் பத்துப் பேர் தூக்கினார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்த்துக்கொண்டிருக்க அங்கே காய்ந்த இடமே இல்லை. தனித்தனி வலிமையில் பிழைத்தவர் யாரையும் நான் காணவில்லை.

தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்தார். சமண நூல்களும் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் பகுக்கின்றன. இதை வைத்து ‘டார்வினுக்கு முன்னே நாம் கண்டோம்’ என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது சரியல்ல. பகுப்பது வேறு, ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று காட்டுவது வேறு. ஆனால் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, மரமும் பறவையும் தொழிலும் அதிலிருந்து வரும் கருப்பொருள் என்று வைத்த மரபு நம்முடையது. ஓர் உயிரைப் பற்றிப் பேசுமுன் அது எந்த நிலத்தில் நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. நான்தான் அதை மறந்து கடிதம் எழுதினேன்.

இயற்கையில் நடப்பது எல்லாம் நாம் பின்பற்ற வேண்டிய நீதி என்று டார்வின் எங்கும் சொல்லவில்லை. நோய் எப்படிப் பரவுகிறது என்று சொல்பவர், பரவட்டும் என்று சொன்னதாக ஆகாது. மாமாவின் ஆலை இளைத்ததால் நிற்கவில்லை என்பது தவறு. அவருடைய எண்ணெய் முந்தின வருஷம் இருந்த அதே எண்ணெய்தான், மாறியது வரி. நகரத்து ஏழைக்கு மலிவு எண்ணெய் கிடைத்தது நல்லதா என்றால், நல்லதுதான். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். அவர் கேட்டது யோசனை. நான் கொடுத்தது தீர்ப்பு, அதுவும் படிக்காத புத்தகத்தின் பெயரால்.

அவருக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. கண் மங்கிவிட்டது, பேரன் படித்துக் காட்டுவான். மலர் வெளிவந்ததும் ஒரு பிரதி ஊருக்கு அனுப்புவதாக இருக்கிறேன். டார்வின் மல்லாட்டை வியாபாரி இல்லை மாமா, ஆனால் மல்லாட்டை விஷயம் தெரிந்தவர்தான்.